குமுதினி: கடல்மேல் கிடக்கும் ஒரு வீதி



"நெடுந்தீவுக்கான படகுச் சேவை பாதிப்பு, பயணிகள் அவதி." இப்படியொரு தலைப்பை நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்? இயந்திரக் கோளாறு, திருத்த வேலை, கடல் கொந்தளிப்பு, எரிபொருள் இல்லை என்று காரணம் மட்டும் மாறும். வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். நெடுந்தீவு மக்களுக்கு அப்படிப் போய்விட முடியாது. வைத்தியசாலைக்குக் குறித்த நாள் தவறும். பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளை குறிகட்டுவானில் நின்று தவிக்கும். அத்தியாவசியப் பொருள் ஏற்றிய லொறி இறங்குதுறையிலேயே காத்துக் கிடக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் போக விரும்புவோர் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவுக்கு வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் பேருந்தை விட்டு இறங்குவார்கள். தார் வீதி அங்கே முடிகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அந்தக் கடலைப் பல்லாண்டு காலமாக மக்களைச் சுமந்து கடந்த மரப்படகின் பெயர் குமுதினி. தீவகத்தில் இந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. அந்தப் படகின் கதையை முன்வைத்து, தீவு மக்களின் போக்குவரத்தை நாமும் நம் ஆட்சியாளர்களும் எப்படிப் பார்க்கிறோம் என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி. குமுதினி மீன்பிடித் திணைக்களத்துக்கோ துறைமுக அதிகார சபைக்கோ சொந்தமானதல்ல. அதன் உரிமையாளர் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கடலில் ஓடும் படகுக்கு வீதிக்காரர்கள் பொறுப்பு என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புறப்பட்ட வீதி குறிகட்டுவானில் அறுந்து, நெடுந்தீவு மாவிலித்துறையில் மறுபடி தொடங்குகிறது. நடுவிலுள்ள துண்டைப் படகு நிரப்புகிறது. நம் பேச்சுத் தமிழும் இதை அறியும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாம் 'பாதை' என்றே சொல்கிறோம். "பாதை வந்திட்டுதா?" என்று கரையில் நிற்பவர் கேட்பது மிதவையைப் பற்றித்தான்.

ஆக, சட்டமும் பேச்சு வழக்கும் ஒத்துப்போகின்றன. படகு என்பது வீதி. ஒத்துப்போகாதது நடைமுறை மட்டுமே. ஒரு பிரதான வீதியில் பாலம் உடைந்தால் அன்றே பொறியியலாளர் வருவார், மாற்று வழி அறிவிக்கப்படும், இராணுவத்தினர் தற்காலிகப் பாலம் போடுவதும் உண்டு. படகு நின்றால் "இன்று சேவை இல்லை" என்ற அறிவித்தலோடு முடிந்துவிடுகிறது. கரையில் நிற்பவர்கள் தனியார் படகு ஏதும் வருகிறதா என்று பார்ப்பார்கள், அல்லது கடற்படையிடம் கேட்பார்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை உதவியாகக் கேட்டுப் பெறும் நிலை இது.

நெடுந்தீவு யாழ் தீவகத்தின் பெரிய தீவுகளில் ஒன்று. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் அதை டெல்வ்ற் என்று அழைத்தார்கள். பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், பெருக்கு மரம், இடிந்த கோட்டை என்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்க நிறைய உண்டு. இன்று அங்கு வாழ்வோர் சில ஆயிரம் பேர் மட்டுமே. நம் கத்தோலிக்க மக்களும் சைவ மக்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. அவர்களுக்குச் சீமெந்து, அரிசி, எரிவாயு, மருந்து, பாடநூல், பரீட்சைத் தாள் எல்லாமே கடல் கடந்துதான் வர வேண்டும். பங்குத்தந்தை மாற்றலாகி வருவதும் படகில், ஊரவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இறந்தால் உடல் வீடு சேர்வதும் படகில். பாடசாலையில் முதல் பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைக் கூட, வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களைக் காலைப் படகு எப்போது கொண்டுவந்து இறக்குகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. தீவிலுள்ள வைத்தியசாலையால் சமாளிக்க முடியாத நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும்போது, பெருநிலத்தில் வைத்தியர் கேட்காத ஒரு கேள்வியை அங்குள்ள வைத்தியர் கேட்க வேண்டியிருக்கிறது: கடல் எப்படி இருக்கிறது?

கடல் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் அலை தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் படகின் பக்கவாட்டில் மோதும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வேறு குணம். தீவைச் சுற்றிப் பல இடங்களில் ஆழம் குறைவு, அடியில் பார். பெரிய கப்பலை அங்கே கொண்டுவர முடியாது, சிறிய வள்ளத்தை நம்பி நூறு பேரை ஏற்றவும் முடியாது. இடைப்பட்ட அளவில், தட்டையான, பாரம் தாங்கும் மரப்படகு ஏன் இவ்வளவு காலம் நின்றுபிடித்தது என்பதற்கு இதுவே விடை.

"பழைய மரப்படகுதானே, அதனால்தான் அடிக்கடி பழுதாகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. இது முழு உண்மையல்ல. மரப்படகு பலவீனமானது அல்ல, விடாமல் பராமரிக்கப்பட வேண்டியது. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள பொருத்துகளில் நார்த்திரியை இறுக்கித் திணித்து, மேலே பசை பூசி நீர் புகாமல் அடைக்கிறார்கள். கலப்பத்து என்று பழைய தச்சர்கள் சொல்வது இதைத்தான், போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. வெயிலில் மேற்பலகை காய்ந்து சுருங்கும், நீருக்குள் கீழ்ப்பலகை ஊறிப் பெருக்கும், இயந்திரம் இடைவிடாமல் அதிரும். இவற்றால் அந்த அடைப்பு மெல்ல மெல்லத் தளரும். இதோடு மரத்தைத் துளைக்கும் கடற்புழு வேறு. வெளியே பார்த்தால் ஊசி குத்திய அளவு துளை, உள்ளே பலகை தேன்கூடு போல் அரிக்கப்பட்டிருக்கும். எனவே படகைக் காலம் தவறாமல் கரையேற்றி, பாசியையும் சிப்பியையும் சுரண்டி, கெட்ட பலகையை வெட்டி மாற்றி, அடைத்து, வர்ணம் பூசி மீண்டும் இறக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் மரப்படகின் ஆயுள் நீண்டுகொண்டே போகும். ஒரு முறை தள்ளிப்போட்டால் அடுத்த முறை வேலை இரட்டிப்பாகும்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு மிக எளிது. பராமரிப்புக்காக ஆண்டில் சில வாரங்கள் கரையில் நிற்க வேண்டிய படகை நம்பி ஓர் ஊர் வாழ்கிறது என்றால், அதே அளவு இன்னொரு படகு தயாராக இருக்க வேண்டும். அது இல்லாத காலங்களில் இரண்டில் ஒன்று நடக்கும். கரையேற்ற வேண்டிய படகு கரையேறாமலே ஓடும், அல்லது படகு கரையேறும்போது ஊர் முடங்கும். முதியவரைப் போல் இருமியும் முனகியும் ஓடிய குமுதினியைப் பற்றி ஊரவர்கள் பகிடியாகப் பேசுவதுண்டு. படகின் வயதைவிட, அதற்கு மாற்றாள் இல்லாததே அந்த இருமலுக்கு முக்கிய காரணம் என்பது என் எண்ணம்.

கப்பல் கட்டும் கைவண்ணம் இல்லாத மண்ணா இது? வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, நம்மூர் மாலுமிகளோடு கடல்கள் கடந்து 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கரையில் இன்று ஒரு பயணிகள் படகைத் திருத்த மரத் தச்சர் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இளையோர் கண்ணாடியிழைப் படகுத் தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குமுதினியைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத நாள் ஒன்று இருக்கிறது. 1985 மே 15.

அதற்கு முந்தைய நாள், மே 14 அன்று, அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 146 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பேருந்து நிலையத்திலும் வழிபாட்டுத் தலத்திலும் இருந்த சாதாரண சிங்கள மக்கள். மறுநாள் காலை குமுதினி வழக்கம்போல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்டது. நடுக்கடலில் ஒரு படகில் வந்தவர்கள் அதை மறித்து உள்ளே ஏறினார்கள். அவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். அன்றைய அரசு அதை மறுத்தது. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். வெட்டப்படுமுன் தம் பெயரையும் வயதையும் ஊரையும் உரக்கச் சொல்லும்படி பணிக்கப்பட்டார்கள் என்றும், ஒருவரின் அலறல் அடுத்தவருக்குக் கேட்காமலிருக்கவே அப்படிச் செய்யப்பட்டது என்றும் தப்பியவர்கள் கூறினார்கள். குறைந்தது 23 பேர் இறந்ததாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. நெடுந்தீவு மக்கள் 36 பேரை நினைவுகூர்கிறார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. இன்றுவரை ஒருவர்கூட இதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

அடுத்தடுத்த இரு நாள்களின் இந்த இரண்டு கொடுமைகளையும் ஒரே பந்தியில் எழுதுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள் என்று தெரியும். ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்துவதற்காக எழுதவில்லை. பேருந்துக்குக் காத்து நின்றவரும் படகில் அமர்ந்திருந்தவரும் அன்றைய அலுவலுக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் என்பதற்காகவே எழுதினேன். வழிப்போக்கரைக் கொல்வது எந்தத் தரப்பு செய்தாலும் ஒன்றுதான்.

அதற்குப் பின் நடந்ததை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் சேவையில் விடப்பட்டது. வேறு படகு இல்லை. கணவனை, மகளை, பேரப்பிள்ளையை அந்தப் படகில் பறிகொடுத்தவர்கள், யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் அதே படகில் ஏறி, அதே பலகையில் அமர்ந்து, அதே நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டியிருந்தது. போரின் எல்லா ஆண்டுகளிலும், 2009இல் போர் முடிந்து பல ஆண்டுகள் வரையிலும் அந்தப் பெயர் தாங்கிய படகு ஓடியது. உலகில் வேறெங்கும் இப்படியொரு படகு நினைவுச்சின்னமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். நெடுந்தீவு மக்களுக்கு அந்த வசதி கூடக் கிடைக்கவில்லை. அவர்களின் துணிவைப் புகழ்ந்து பேசுவது நமக்கு எளிது. ஆனால் அது துணிவா, வேறு வழியில்லாமையா என்று அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புதிய படகுகள் வரவேயில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வடதாரகை சேவையில் சேர்ந்தது. 2017 ஜனவரியில் நெடுந்தாரகை கையளிக்கப்பட்டது. கொழும்புக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட நல்ல படகு அது. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் இருந்தன. நம் நாட்டில் எதையும் திறந்து வைப்பதற்குப் பணம் கிடைக்கும், தொடர்ந்து ஓட வைப்பதற்குக் கிடைக்காது. பெரிய படகுக்குப் பெரிய இயந்திரம், பெரிய இயந்திரத்துக்கு நிறைய எரிபொருள். பயிற்சி பெற்ற பணியாளர், உதிரிப்பாகம், கரையேற்றும் செலவு எல்லாம் சேர்ந்தால், சில ஆயிரம் பேர் வாழும் தீவின் வருமானத்தால் அதைத் தாங்க இயலுமா? 2022இல் நாடே டீசலுக்கு வரிசையில் நின்றபோது பெருநிலத்தில் இருந்தவர் சைக்கிளில் ஏறினார், நடந்தார். தீவில் இருப்பவர் எதில் ஏறுவார்?

அரசு விட்டுவைக்கும் இடைவெளியை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள். அது எப்படி முடியும் என்பதற்குக் கிண்ணியா சாட்சி. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் ஒரு மிதவைப் பாதையை நம்பிக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன சிறுபிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு கைது, விசாரணை, கண்டன அறிக்கை எல்லாம் வந்தன. விபத்துக்கு முன் அங்கு வந்திருக்க வேண்டியது ஒரு பாதுகாப்பான படகு.

இந்தத் தீவுகள் யாருடைய கண்ணிலும் படவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை மின்திட்டம் சீன நிறுவனமொன்றின் கூட்டுக்கு வழங்கப்பட்டபோது இந்தியா ஆட்சேபித்தது. திட்டம் நின்றது. பின்னர் 2024 மார்ச்சில், இந்தியாவின் 1 கோடி 10 லட்சம் டொலர் நன்கொடையில் அதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் தேவையானது, வரவேற்போம். ஆனால் இரண்டு பெரிய நாடுகள் போட்டி போடும் அளவுக்கு முக்கியமான தீவில், காலையில் புறப்படும் படகு புறப்படுமா என்பது உறுதியில்லாமல் இருப்பது விந்தையிலும் விந்தை. மின்திட்டத்தின் கம்பியும் தூணும் கூட அந்தக் கடலைக் கடந்துதான் போக வேண்டும்.

தீவுகள் நிறைந்த வேறு நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? நோர்வேயில் கடல் குறுக்கிடும் இடங்களில் ஓடும் படகுச் சேவைகள் வீதி வலைப்பின்னலின் பகுதியாகவே கருதப்படுகின்றன. ஸ்கொட்லாந்தில் 2008 முதல் மேற்குத் தீவுகளில் ஒரு முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டது. அதே தூரத்தைத் தரைவழியே கடக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டியே படகுக் கட்டணம் கணக்கிடப்படும். அங்கும் படகுகள் பழுதாகின்றன, தாமதமாகின்றன, மக்கள் திட்டுகிறார்கள். ஆயினும் தீவில் பிறந்ததற்காக ஒருவர் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது என்பது அங்கே கொள்கையாக எழுதப்பட்டிருக்கிறது.

நம்மால் முடியாது என்று சொல்ல வருவோருக்கு ஒரு பதில் நம் கைவசம் உண்டு. நெடுந்தீவுப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த கச்சதீவில் ஆண்டுதோறும் நடைபெறும் புனித அந்தோனியார் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். இரு நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள், குடிநீர் கூட இல்லாத தீவுக்கு. மாவட்டச் செயலகத்தில் வாரங்களுக்கு முன்பே கூட்டம் நடக்கிறது. குறிகட்டுவானுக்குப் பேருந்து, அங்கிருந்து படகு, புறப்படும் நேரம், பாதுகாப்பு அங்கி, மருத்துவ முகாம், கடற்படையின் காவல் என்று எல்லாம் தாளில் எழுதி நடத்தப்படுகின்றன. கடல் அதே கடல், இறங்குதுறை அதே இறங்குதுறை. யாத்திரிகர்களுக்காக இரண்டு நாள்களுக்குச் செய்யக்கூடியதை, அங்கேயே வாழ்பவர்களுக்காக மற்ற நாள்களில் ஏன் செய்ய முடியாது? திருவிழாவுக்குப் போய் வரும் நாம், படகில் ஏறும்போது பக்கத்தில் நிற்கும் நெடுந்தீவுக்காரரிடம் இதைப் பேசிப் பார்க்கலாம்.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. ஓடும் படகுக்குச் சமமான இன்னொரு படகு எப்போதும் தயார் நிலையில் இருக்க வேண்டும். கரையேற்றிப் பராமரிப்பதற்கான செலவு, பழுதான பிறகு அல்ல, ஆண்டின் தொடக்கத்திலேயே வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக ஒதுக்கப்பட வேண்டும். இரவில் நோயாளியைக் கொண்டுவர ஒரு படகும் அதற்கு இரவுப் பணியாளரும் வேண்டும். பாடசாலை மணிக்கு ஏற்ற நேர அட்டவணை வேண்டும், அது இரு இறங்குதுறைகளிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். இவற்றைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுப்பத் தீவில் போதிய வாக்குகள் இல்லை என்றால், வீதி உள்ள ஊர்களின் மக்கள் எழுப்ப வேண்டும்.

ஆண்டுதோறும் மே 15 அன்று நெடுந்தீவில் குமுதினியில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. 2025இல் 40 ஆண்டுகள் நிறைவுற்றன. அந்த அஞ்சலிக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ வேறு ஊர்களிலிருந்தோ வருபவர்கள், பூவையும் மெழுகுதிரியையும் கையில் பிடித்தபடி, முதலில் குறிகட்டுவானில் படகுக்காகக் காத்து நிற்க வேண்டும்.